பழகிய மருந்துகளில் ஒளிந்திருக்கும் ஆபத்து: வார்டுக்குள் நுழையும் செவிலியர் மாணவர்கள் அறிய வேண்டியவை

மைசூரு: அரிதாகப் பயன்படுத்தப்படும் ஒரு மருந்து வார்டுக்கு வந்தால் எல்லோரும் விழிப்படைகின்றனர். மூத்த செவிலியர் அதன் காகிதத்தைப் பிரித்துப் படிக்கிறார், பயிற்சி மருத்துவர் அளவை மறுமுறை சரிபார்க்கிறார், மருந்தகத்துக்குத் தொலைபேசி அழைப்பு செல்கிறது. பாராசிட்டமாலுக்கு இவற்றில் எதுவும் நடப்பதில்லை. இன்சுலினுக்கும் சில வார்டுகளில் இதே நிலைதான். நாள்தோறும் கையில் எடுக்கும் மருந்துகளை எவரும் இருமுறை பார்ப்பதில்லை என்பதால், அவற்றிலேயே பிழைக்கு இடம் அதிகம்.

இந்திய செவிலியர் மன்றம் 2021-ஆம் ஆண்டு அறிவித்த பி.எஸ்சி. செவிலியர் பாடத்திட்டத்தில் மருந்தியல் மூன்றாம், நான்காம் பருவங்களில் இடம்பெறுகிறது. மருந்தின் வகை, செயல்படும் விதம், பக்கவிளைவு ஆகியவற்றை மாணவர்கள் அப்போது மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆனால் நோயாளியின் படுக்கையருகே கையில் சிரிஞ்சுடன் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மருந்தில், இந்த நோயாளிக்கு, இந்த நிமிடத்தில் எது தவறாகப் போகக்கூடும்? அன்றாடம் புழங்கும் சில மருந்துகளை இந்தக் கேள்வியுடன் அணுகிப் பார்க்கிறது இக்கட்டுரை. இங்குள்ள அளவுகள் பாடத்துக்கு உதவுபவை மட்டுமே. வார்டில் மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஆணையும் அந்தந்த மருத்துவமனையின் நெறிமுறையுமே இறுதியானவை.

மைசூரு ஏன்?

மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு 1930-இல் மைசூருக்கு இடம்பெயர்ந்தது. அதனுடன் இணைந்த கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைக்கும், மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான செலுவாம்பா மருத்துவமனைக்கும் மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். வயநாட்டிலிருந்து மலையாளம் பேசுவோரும், எல்லையோர மலைப்பகுதிகளிலிருந்து தமிழ் பேசுவோரும் வருவதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து செவிலியர் படிப்புக்காகக் கர்நாடகம் செல்லும் மாணவர்களும் பலர்.

மருந்துப் பாதுகாப்புத் துறையில் இந்நகருக்குத் தனி இடமும் உண்டு. 1973-இல் தொடங்கப்பட்ட ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியின் மருந்தியல் நடைமுறைத் துறை, ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையின் வார்டுகளிலேயே இயங்கி, மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்து வருகிறது. மருந்தாளுநர் என்றால் மருந்துக்கடையில் இருப்பவர் என்ற எண்ணமே பரவலாக இருந்த காலத்தில், அவரை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்த முன்னோடி இந்தியக் கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. இந்த நகரில் பயிலும் செவிலியர் மாணவருக்கு, சந்தேகம் எழுந்தால் கேட்பதற்கு அருகிலேயே ஆள் இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதற்குத் தயக்கம் மட்டுமே தடை.

பாராசிட்டமால்: மில்லிகிராமும் மில்லிலிட்டரும்

10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் எனக் கணக்கிட்டால் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். இதுவரை எவரும் தவறுவதில்லை. அடுத்த படியில்தான் சிக்கல். இந்தியச் சந்தையில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் குறைந்தது மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம், மற்றொரு வகையில் 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம். அதே 150 மில்லிகிராமுக்குச் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிலிட்டர், முதல் சிரப்பில் 6 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3 மில்லிலிட்டர் தேவை. சிரப்புக்குரிய 6 மில்லிலிட்டரைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து அளந்தால் குழந்தைக்குள் செல்வது 600 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. நான்கு வேளை அப்படிச் சென்றால் ஈரல் தாங்காது.

எனவே வீட்டுக்கு அனுப்பும்போது தாயிடம் "ஐந்து மில்லி கொடுங்கள்" என்று சொல்வது பாதி அறிவுரைதான். எந்தப் புட்டியிலிருந்து, எந்த அளவுக் குப்பியில் என்பதையும் காட்ட வேண்டும். சமையலறைத் தேக்கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. புட்டியுடன் வரும் மூடியையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.

சிரை வழியாக ஏற்றும் பாராசிட்டமாலிலும் இதே பொறி இருக்கிறது. 100 மில்லிலிட்டர் புட்டியில் 1 கிராம் மருந்து உள்ளது, அதாவது 1 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். குழந்தைக்கு "75" என்று மட்டும் எழுதியிருந்து, அதை மில்லிலிட்டர் எனக் கொண்டால் பத்து மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். உலகின் பல நாடுகளில் இந்தப் பிழை நேர்ந்து எச்சரிக்கைகள் வெளியிடப்பட்டுள்ளன. எண்ணுக்குப் பின் அலகு இல்லாத ஆணையைச் செயல்படுத்தாமல் திருப்பிக் கேட்பது மாணவரின் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட.

பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு பொதுவாக 4 கிராம். மெலிந்தவர்கள், ஈரல் நோயாளிகள், தொடர்ந்து மது அருந்துவோர் ஆகியோருக்கு அதற்கும் குறைவு. மருத்துவர் எழுதிய 650 மில்லிகிராம் மாத்திரையுடன், சளிக்கு வாங்கிய கலவை மாத்திரை, மூட்டுவலிக்கு வாங்கிய கலவை மாத்திரை என மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதை நோயாளி அறியார். கலவை மருந்துகளில் ஒரு மாத்திரைக்கு 325 மில்லிகிராமுக்கு மேல் பாராசிட்டமால் இருக்கக் கூடாது என மத்திய அரசு 2011-இல் அறிவித்ததற்கும் ஈரல் பாதிப்பு குறித்த கவலையே காரணம். அளவு மீறியவருக்கு முதல் நாளில் குமட்டல் தவிர வேறு அறிகுறி தெரியாமல் போகலாம் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் தரப்பட்டால் மிகுந்த பலன் தரும்.

இன்சுலின்: சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் படித்து வரும் மாணவருக்கு இந்திய வார்டில் காத்திருக்கும் சிக்கல் இது. பல நாடுகளில் இன்சுலின் 1 மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்ற ஒரே செறிவில் புழங்குகிறது. இந்தியாவில் குப்பிகளில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட் செறிவு கொண்டது. பேனாவுக்கான குழல்களில் இருப்பது 100 யூனிட் செறிவு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சுகள் உண்டு. 40-க்குரியது சிவப்பு மூடி, 100-க்குரியது ஆரஞ்சு மூடி.

மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். 40 செறிவுள்ள குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆவது கோடு வரை எடுத்தால் வருவது 0.2 மில்லிலிட்டர். அதில் உள்ளது 8 யூனிட் மட்டுமே. நோயாளியின் சர்க்கரை குறையாது; "மருந்து போதவில்லை" என்று அளவை உயர்த்துவார்கள். நேர்மாறாக, 100 செறிவுள்ள இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆவது கோடு வரை எடுத்தால் அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். இரவு எட்டு மணிக்குப் போட்ட ஊசிக்கு நள்ளிரவில் நோயாளி வியர்த்து, உளறி, நினைவிழப்பார். பேனா கிடைக்கவில்லை என்று அதன் குழலுக்குள் சிரிஞ்சை நுழைத்து மருந்தை உறிஞ்சும் பழக்கம் இவ்விபத்துக்கு நேரான பாதை. அதை யார் செய்யச் சொன்னாலும் மறுக்க வேண்டும்.

யூனிட் என்பதைக் குறிக்க ஆங்கில எழுத்தான 'யூ'வை மட்டும் கிறுக்குவதும் ஆபத்து. அவசரக் கையெழுத்தில் அது சுழியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். முழுச் சொல்லையும் எழுதுவதே உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முறை. ஊசி போடும் முன் மற்றொரு கேள்வி: உணவு வந்துவிட்டதா? வேகமாகச் செயல்படும் இன்சுலினைப் போட்டுவிட்டு, உணவு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனால் பிழை மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், விழுங்க முடிகிற நோயாளிக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பொட்டாசியம்: நேராகச் செலுத்தினால் இதயம் நிற்கும்

இந்திய மருத்துவமனைகளில் பொட்டாசியம் குளோரைடு 10 மில்லிலிட்டர் ஆம்பூலாக வருகிறது. 15 சதவீதக் கரைசலில் 1.5 கிராம், அதாவது சுமார் 20 மில்லி ஈக்குவிலண்ட் பொட்டாசியம். ஊசிக்கான தூய நீரும் அதே அளவிலான ஞெகிழி ஆம்பூலில் வருவதுண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்த நிமிடத்திலேயே பிழை தொடங்கிவிடுகிறது. நீர்க்காத பொட்டாசியத்தைச் சிரையில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இதற்கு விதிவிலக்கு இல்லை. நீர்த்து, நன்கு கலக்கி, கைச் சிரை வழியாயின் மணிக்குச் சுமார் 10 மில்லி ஈக்குவிலண்ட் என்ற வேகத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் புட்டியில் ஊசியால் குத்திச் சேர்த்துவிட்டுக் குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி முதலில் இறங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சிறுநீர் பிரிகிறதா என்று பார்க்காமல் பொட்டாசியம் தொடங்குவதில்லை.

ஒத்த தோற்றம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் மாகாணத்தில் நடந்தது சான்று. தட்டம்மைத் தடுப்பூசிப் பொடியைக் கரைக்கும் திரவம் என எண்ணி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் அட்ராகுரியம் என்ற மருந்தைக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குறையேதும் இருக்கவில்லை. குளிர்பெட்டியில் இரண்டு ஆம்பூல்கள் அருகருகே இருந்தன, அவ்வளவே.

ஹெப்பரினிலும் இதே கவனம் தேவை. 5 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட் இருக்கலாம், அதே அளவுள்ள மற்றொன்றில் 25,000 யூனிட் இருக்கலாம். குப்பியின் மொத்த அளவையா, ஒரு மில்லிலிட்டரின் அளவையா எதைப் படிக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் படிப்பது நல்ல பழக்கம். கேட்பவருக்கு நகைப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள்

செஃப்ட்ரியாக்சோன் ஏறக்குறைய எல்லா வார்டுகளிலும் உண்டு. அதைக் கால்சியம் கலந்த ரிங்கர் லாக்டேட் கரைசலுடன் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் செலுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்து படிகமாகிவிடும். பிறந்து 28 நாள்களுக்கு உட்பட்ட சிசுவுக்குக் கால்சியம் ஏற்றப்படுமானால் இம்மருந்தே ஆகாது. வான்கோமைசின் 1 கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து, இரத்த அழுத்தம் வீழும். ஜென்டாமைசின் தொடர்ந்து பெறுபவரின் சிறுநீர் அளவையும் கேட்கும் திறனையும் கவனிக்க வேண்டும்.

தோலில் சோதனை ஊசி போட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கை நம் வார்டுகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. சோதனை ஊசி முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை. முந்தைய அனுபவத்தைப் பற்றிக் கேட்பதும், ஊசி போட்டபின் நோயாளியை விட்டு நகராமல் சில நிமிடங்கள் நிற்பதும் அதைவிட முக்கியம். மூச்சிறைப்பு, உடல் முழுவதும் தடிப்பு, மயக்கம் எனக் கடும் ஒவ்வாமை தோன்றினால் முதல் மருந்து அட்ரினலின்தான். பெரியவருக்கு 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து அரை மில்லிலிட்டர், தொடையின் வெளிப்புறத் தசையில். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மீண்டும். அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அதன்பின் வரலாம். அதற்குப் பதிலாக வர முடியாது. ஊசி போடச் செல்லும் தட்டில் அட்ரினலின் இருக்கிறதா என்று பார்க்காமல் புறப்படுவது, குடை எடுக்காமல் ஆடி மாதத்தில் குடகு மலைக்குப் போவதைப் போன்றது.

வலி மருந்துகள்

டைக்ளோஃபெனாக் ஊசியைப் பற்றி ஒரு சிறு வரலாறு. கால்நடைகளுக்குத் தரப்பட்ட இம்மருந்து, அவற்றின் சடலங்களைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் கள்ளத்தனமாகக் கால்நடைகளுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் ஒரு வேளை மருந்து மட்டுமே கொண்ட சிறு குப்பிகளே விற்கப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. வார்டில் உள்ள 75 மில்லிகிராம் ஆம்பூலுக்குப் பின்னால் அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு பறவையினமும் இருக்கிறது.

நோயாளியின் பக்கம் வந்தால், சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண், இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை இவற்றில் எதுவும் உண்டா என்று கேட்காமல் இதைப் போடக் கூடாது. டெங்கு என்ற ஐயம் இருக்கும் காய்ச்சலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன.

மாதவிடாய் வலிக்கு மருந்துச்சீட்டில்லாமலே வாங்கப்படும் மெஃபனாமிக் அமிலம் குறித்து இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி எச்சரிக்கை விடுத்தது. மிக அரிதாக, காய்ச்சல், தோல் தடிப்பு, நிணநீர்க் கணு வீக்கம், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றுடன் கூடிய ட்ரெஸ் என்னும் கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்பதே அதன் சாரம். இத்தகைய விளைவு மருந்து தொடங்கிய அன்றே வருவதில்லை, இரண்டு முதல் எட்டு வாரம் கழித்தும் வரலாம். "புதிதாக ஏதும் மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வியை நேற்றுக்கு மட்டுமன்றி, போன மாதத்துக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிரசவ அறை

ஆக்ஸிடோசின் இல்லாத பிரசவ அறை இல்லை. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 10 யூனிட். அதே மருந்து பிரசவத்துக்கு முன், வலியைத் தூண்டக் கட்டுப்பாடின்றி ஏற்றப்பட்டால் கருப்பை ஓய்வின்றிச் சுருங்கிச் சிசுவின் மூச்சைத் திணறடிக்கும். எனவே குழந்தை பிறக்கும் முன்னா, பிறந்த பின்னா என்பதே இங்கு முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி குளிர்பெட்டியைப் பற்றியது. 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்காத ஆக்ஸிடோசின் வீரியம் இழக்கும்; இரத்தம் நிற்காதபோதுதான் அது தெரியவரும். இம்மருந்தின் தயாரிப்பைப் பெங்களூரில் உள்ள ஒரே பொதுத்துறை நிறுவனத்துக்கு மட்டும் என 2018-இல் மத்திய அரசு சுருக்கியதும், அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ததும் நினைவிருக்கலாம்.

வலிப்புடன் வரும் கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்ஃபேட் உயிர்காக்கும் மருந்து. 2 மில்லிலிட்டர் ஆம்பூலில் 1 கிராம். அளவு மிஞ்சினால் மூச்சு நிற்கும். ஒவ்வொரு வேளைக்கும் முன் முழங்கால் அனிச்சைச் செயல் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்கேனும் பிரிகிறதா என்று பார்த்து எழுதிய பிறகே அடுத்த வேளை. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அதே அறையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மாணவர்கள் இந்த மூன்று சோதனைகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். முழங்கால் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் திணறல்.

மாத்திரைகளில் இரண்டைச் சொல்லிவிடலாம். டிகாக்ஸின் கொடுக்கும் முன் இதயத் துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்; 60-க்குக் குறைந்தால் நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூட்டழற்சிக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும். தினமும் என்று எழுதிக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை அழியும். எந்தக் கிழமை என்று பெயர் சொல்லி எழுதுவது பாதுகாப்பு.

பெயரும் மொழியும்

மருந்துப் பெயர்களின் ஒற்றுமை நீதிமன்றம் வரை சென்ற கதை. மலேரியாவுக்கான ஃபால்சிகோ, ஃபால்சிடேப் என்னும் இரு வணிகப் பெயர்கள் தொடர்பான வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், பிற பொருள்களைவிட மருந்துகளில் பெயர்க் குழப்பத்தை மிகக் கண்டிப்பாக அணுக வேண்டும் என்று கூறியது. பல மொழிகள் பேசப்படும் இந்நாட்டில், ஆங்கிலம் அறிந்தவரின் காதைக் கொண்டு மட்டும் பெயர்களை அளக்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது புதிதன்று. தொலைபேசியில் சொல்லப்படும் மருந்துப் பெயரை எழுதி, எழுத்தெழுத்தாகத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும் என்ற விதியின் பின்னணி இதுதான். சுருக்கக் குறிகளும் அப்படியே. 'ஓ.டி.' என்பது பொது வார்டில் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவ வார்டில் வலது கண்.

மைசூரில் பயிலும் தமிழ் மாணவருக்கு மற்றொரு படியும் உண்டு. நோயாளியிடம் "நீங்கள்தானே ராமப்பா?" என்று கேட்டால், காது மந்தமான முதியவர் எதற்கும் தலையாட்டுவார். "நிம்ம ஹெசரேனு?" என்று கேட்டு அவரே பெயரைச் சொல்லச் செய்து, மருத்துவமனை எண்ணுடன் ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கை மாறும். "ஔஷதி அலர்ஜி இதெயா?" என்பது ஒவ்வாமைக் கேள்வி. "பேரெ மாத்ரெ தகொள்தீரா?" என்பது வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. மாத்ரெ, வாந்தி, நோவு, தலெசுத்து ஆகியவை தமிழ்க் காதுக்குத் தாமாகவே விளங்கிவிடும். அந்த எளிமையே ஏமாற்றக்கூடும். ஊசி போட்ட பின் நோயாளி "துரிகெ" என்று சொன்னால் அது அரிப்பு, ஒவ்வாமையின் முதல் குறி. இன்சுலின் போட்டவர் "பெவரு" என்றால் வியர்வை, சர்க்கரை இறங்குவதன் குறி. இந்த இரண்டு சொற்களும் தெரியாத மாணவர், நோயாளி தம்மிடம் நேராகச் சொன்ன எச்சரிக்கையைத் தவறவிடுவார்.

பிழை நேர்ந்தால்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் செவிலியர் ஒருவர், மருந்து அலமாரியின் கணினியில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டி, பதற்றம் தணிக்கும் மிடசோலாமுக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் வெகுரோனியத்தை எடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். பிழையை அந்தச் செவிலியரே தெரிவித்தார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, பின்னர் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. இனி எந்தச் செவிலியர் பிழையை ஒப்புக்கொள்வார் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. தண்டனை அச்சத்தில் பிழைகள் மறைக்கப்பட்டால், அதே அலமாரியில் அடுத்தவரும் அதே பிழையைச் செய்வார். மருந்தினால் ஏற்படும், தவிர்க்கக்கூடிய கடும் தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அறிவித்த திட்டமும், பிழைக்குத் தனிநபரைவிட முறைமையையே முதலில் ஆராயச் சொல்கிறது.

மாணவர் செய்ய வேண்டியது வரிசையாக இதுதான்: முதலில் நோயாளியைக் கவனித்தல், உடனே பொறுப்புச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுதல், நடந்ததை நேரத்துடன் எழுதுதல். எழுதியதைப் பின்னர் அடித்துத் திருத்தக் கூடாது.

மருந்து சரியாகத் தரப்பட்டும் தீங்கு நேர்ந்தால் அதற்குத் தனி வழி உண்டு. 2010 ஜூலையில் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 ஏப்ரல் முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையத்தால் நடத்தப்படுகிறது. மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியரும் மருந்தாளுநரும் அதற்கு அறிக்கை அனுப்பலாம். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள், ஐயத்துக்குரிய மருந்து, ஏற்பட்ட விளைவு, அனுப்புபவர் யார் என்னும் விவரங்கள் அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்துதான் காரணம் என்று நிறுவ வேண்டியதில்லை, ஐயமே போதும். அறிக்கை அனுப்புவது பிழையை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படாது என்று படிவத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. மாணவர்கள் தங்கள் ஆசிரியர் அல்லது வார்டுப் பொறுப்பாளர் வழியாக இதைச் செய்யலாம்.

படிவத்தில் பெரும்பாலும் வெறுமையாக விடப்படும் கட்டம் ஒன்று உண்டு: மருந்தின் தொகுதி எண். 2024 நவம்பரில் பெல்லாரி அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவித்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் கரைசலின் மீது ஐயம் எழுந்தது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தின் ஒரு தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு இருந்ததைத் தமிழ்நாடு அரசின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. இத்தகைய நேரங்களில் எந்தப் புட்டி, யாருக்கு, எந்தத் தொகுதி என்பதைச் சொல்லக்கூடிய ஆவணம், செவிலியர் எழுதிய குறிப்பு ஒன்றே. புட்டி குப்பையில் போய்விட்டிருக்கும்.

மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா உதவி எண் 1800-180-3024 அலுவலக நாள்களில் இயங்குகிறது. நோயாளிகள் தாங்களே நிரப்பி அனுப்பும் படிவம் தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது.